டிராக்டருக்கு டீசல் நிரப்பச் சில எளிய வழிகள்

(கரிசல் வட்டார உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், களை, ஈரம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டியவன் டீசல் கேனைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது நியாயந்தான். ஆனால் அந்த ஈரந்தான் என்னை இந்தக் கேனிடம் கொண்டுவந்து விட்டது. அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமது கரிசல் நிலத்தின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. மழை பெய்த மறுநாள் காட்டில் கால் வைத்தால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். டிராக்டர் இறங்காது. ஈரம் வற்றிவிட்டால் மண் இறுகி வெடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்ற பதம் சில நாட்களே கிடைக்கும். கம்போ, சோளமோ, உளுந்தோ, மக்காச்சோளமோ எதுவானாலும் அந்தச் சில நாட்களில் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். தவறவிட்டால் நல்ல விதையும் நல்ல உரமும் இருந்தும் முளைப்பு பொக்கு விழும். மானாவாரிச் சாகுபடியில் இழந்த நாளைப் பின்னால் எந்த உரத்தைப் போட்டும் மீட்க முடியாது.

அப்படிப்பட்ட நாளில் டிராக்டர் எதனால் நிற்கிறது என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். இயந்திரக் கோளாறு என்பார்கள் சிலர். டிரைவர் வரவில்லை என்பார்கள் சிலர். “டீசல் ஊற்ற ஆள் இல்லை” என்ற பதிலையும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்டிருக்கிறேன்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் அதிகாலையில் தனி ஆளாக 35 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, டிராக்டரின் முன் டயரில் கால் வைத்து ஏறியிருக்கிறார். டயரில் முதல்நாள் சேறு. கால் வழுக்கியது. கேனோடு விழுந்தார். டீசல் கண்ணிலும் பட்டது. கண் பிழைத்துவிட்டது, முதுகெலும்பு வட்டு விலகிவிட்டது. அந்த ஆண்டு வாடகை டிராக்டர் கிடைத்து விதைப்பு முடிய ஐந்து நாட்கள் பிந்தியது. காட்டில் பாதி முளைத்தது, பாதி முளைக்கவில்லை. அதை அடுத்த ஆண்டு சரி செய்துகொண்டோம். அவர் முதுகைச் சரி செய்ய முடியவில்லை. இன்றும் ஒரு குடம் தண்ணீர் தூக்க மாட்டார்.

அவர் செய்தது அசட்டுத் துணிச்சல் அல்ல. எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆகவேதான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எவ்வளவு சுமை தூக்குகிறோம்?

ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். அதாவது தண்ணீரைவிடச் சற்று இலேசு. ஆனால் இருபது லிட்டர் கேனில் டீசல் மட்டும் 16½ கிலோவுக்கு மேல் இருக்கும். கேனின் எடையைச் சேர்த்தால் 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 லிட்டர் கேன் 30 கிலோவைத் தாண்டும். 200 லிட்டர் இரும்புப் பேரல் நிறைய டீசல் இருந்தால் மொத்தம் 185 கிலோ அளவுக்கு வரும்.

இனி ஒரு பருவத்துக்குக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 4 லிட்டர் எரிக்கும் டிராக்டர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 32 லிட்டர் வேண்டும். இருபது நாள் உழவுக்கு 640 லிட்டர். எடையில் இது 530 கிலோ. அரை டன்னுக்கு மேற்பட்ட சுமையை ஒருவர் தரையிலிருந்து நெஞ்சுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்துக்குத் தூக்குகிறார். அதுவும் கொஞ்சங்கொஞ்சமாக அல்ல. ஒவ்வொரு தடவையும் பதினெட்டு, முப்பது கிலோவாக.

நெல் மூட்டை தூக்கிய உடம்புக்கு இது ஒரு சுமையா என்று கேட்பீர்கள். மூட்டையை முதுகில் ஏற்றியதும் எடை நேராகக் காலுக்கு இறங்குகிறது. டீசல் கேன் அப்படியல்ல. அதைத் தோளுக்கு மேலே, உடம்பை விட்டுத் தள்ளி, சாய்த்துப் பிடித்தபடி நிற்க வேண்டும். உள்ளே எண்ணெய் அலைந்துகொண்டே இருக்கும். பிரிட்டன் நாட்டின் தொழில் பாதுகாப்புத் துறை இதற்கொரு வழிகாட்டி அளவு கொடுத்திருக்கிறது. தோளுக்கு மேலே உடம்பை ஒட்டிப் பிடிக்கும் சுமை ஆண்களுக்கு 10 கிலோ, பெண்களுக்கு 7 கிலோ. கையை நீட்டிப் பிடிப்பதானால் ஆண்களுக்கு 5 கிலோ, பெண்களுக்கு 3 கிலோ. நாம் தூக்குவது இதைப்போல மூன்று மடங்கு, ஆறு மடங்கு. ஒரு நாள் தாங்கும், ஒரு வருடம் தாங்கும். ஒரு நாள் தாங்காமல் போகும்.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். டீசல் ஓடக்கூடிய பொருள். ஓடக்கூடிய பொருளை மூட்டைபோலத் தூக்க வேண்டியதில்லை. பள்ளத்தை நோக்கி அது தானாக ஓடும். மேட்டுக்குப் பம்பு ஏற்றும். அதற்குரிய வழிகளைச் செலவில்லாததிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி: டிராக்டரே டீசலிடம் போகட்டும்

பங்க் பக்கத்தில் இருந்தால் கேனே வேண்டாம். டவுனுக்கு உரம் எடுக்கவோ, விளைபொருள் இறக்கவோ டிராக்டர் போகும் ஒவ்வொரு தடவையும் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள். முள் பாதிக்கு இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதற்கு உங்கள் டிராக்டர் மணிக்கு எத்தனை லிட்டர் எரிக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை அறிய ஒரு சுலபமான முறை உண்டு. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி டேங்கை நிரப்புங்கள். மீட்டரில் உள்ள மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஒரே வேலையைச் செய்துவிட்டு, அதே இடத்தில் நிறுத்தி, அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றிய லிட்டரை ஓடிய மணியால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். கொக்கிக் கலப்பைக்கு ஒரு கணக்கு, ரோட்டவேட்டருக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே எழுதி வையுங்கள். டேங்க் 50 லிட்டர் கொள்ளும், மணிக்கு 4 லிட்டர் ஆகிறது என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் கவலையில்லை. எத்தனை நாளைக்கு ஒரு தடவை பங்க் போக வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

நிரப்புவதை மாலையில் செய்வது நல்லது. பாதி காலியான டேங்கில் இராக் குளிருக்குக் காற்றிலுள்ள ஈரம் வியர்த்துத் தண்ணீராக உள்ளே இறங்கும். நிறைந்த டேங்கில் அதற்கு இடமில்லை. விடியற்காலையில் அவசரமாக ஊற்ற வேண்டிய வேலையும் இல்லை. எக்காரணம் கொண்டும் டேங்கை வற்றவிட வேண்டாம். வற்றினால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். ஏர் எடுத்து, மறுபடி கிளப்புவதற்குள் பதமான காலை நேரம் போய்விடும்.

இரண்டாவது வழி: பெரிய கேனைக் கைவிடுங்கள்

பங்க் தொலைவில் இருக்கிறது, கேனில்தான் கொண்டுவர வேண்டும் என்றால், 35 லிட்டர் கேன் ஒன்றுக்குப் பதிலாக 10 லிட்டர் கேன் மூன்று நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் கேன் நிறைந்தால் 9 கிலோ. பெண்களும் வயதானவர்களும் 5 லிட்டர் கேனைப் பயன்படுத்தலாம். “நாலு தடவை தூக்க வேண்டுமே” என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். முதுகு தடவைகளை அவ்வளவாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒரே தடவையில் ஏறும் பாரத்தைத்தான் அதிகம் கணக்கு வைக்கிறது.

கேனோடு டயரிலோ, முன் அச்சிலோ, இழுவைக் கம்பியிலோ ஏறுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு படி உள்ள அகலமான மரப்படி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்து, டிராக்டர் நிறுத்தும் இடத்திலேயே போட்டு வையுங்கள். கேனை முதலில் மேல்படியில் வையுங்கள். பிறகு நீங்கள் ஏறுங்கள். சுமையும் ஆளும் ஒரே நேரத்தில் ஏற வேண்டாம். கேனை எடுக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து எடுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருப்பாமல் காலை மாற்றி வைத்துத் திரும்புங்கள்.

மூன்றாவது வழி: மேட்டைப் பயன்படுத்துங்கள்

நமது காடுகளில் கிணறு வெட்டிய மண் மேடாகக் கிடக்கும். ஓடைக் கரை இருக்கும். களத்து மேடு இருக்கும். இவற்றைக் காசு கொடுக்காமல் கிடைத்த பம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பேரலை ஏற்றிய டிரெய்லரை மேட்டில் நிறுத்திச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத் தாங்கியையும் உறுதியாக ஊன்றுங்கள். பிறகு டிராக்டரைக் கழற்றிக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒரு குழாயைப் பேரலுக்குள் விட்டு மறுமுனையை டேங்கில் விட்டால் டீசல் தானாக இறங்கும். நாற்பது லிட்டர் இறங்கச் சில நிமிடங்கள் போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பேரலில் உள்ள டீசலின் மட்டம் டேங்கில் உள்ள குழாய் முனையைவிட உயரமாக இருக்கும்வரைதான் ஓட்டம் இருக்கும். இரண்டும் சமமானால் நின்றுவிடும். சமதளத்தில் டிரெய்லரின் தரை மட்டம் மூன்று அடிதான் என்றால், நாலரை அடி, ஐந்து அடி உயரத்திலுள்ள டேங்குக்குப் பேரலின் மேல்பகுதி டீசல் மட்டுமே இறங்கும். மேடு இரண்டு மூன்று அடி உயரம் கூட்டிக்கொடுத்தால் பேரல் முழுவதும் இறங்கும். பேரலின் சிறிய மூடியையும் திறந்து வைக்க வேண்டும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும்.

இனி முக்கியமான ஓர் எச்சரிக்கை. குழாயில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். இது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. சின்னப் பையன்களைக்கூட உறிஞ்சச் சொல்கிறோம். டீசல் வயிற்றுக்குள் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. ஒரு வாய் அளவே போதும். நுரையீரல் வெந்து, சளிக்காய்ச்சல்போலத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தப்பித்தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டைக்குள் விரல் விடுவது எல்லாம் டீசலை மறுபடியும் நுரையீரல் பக்கம் கொண்டுபோகும். வாயை மட்டும் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே “இப்போது நன்றாகத்தான் இருக்கிறான்” என்று இருந்துவிடக் கூடாது.

வாய் வைக்காமல் குழாயில் ஓட்டம் பிடிக்க இரண்டு சாதனங்கள் உள்ளன. ஒன்று, நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் வைத்த குழாய். ஐந்தாறு தடவை அமுக்கினால் டீசல் ஏறிவிடும். மற்றொன்று, ஒரு முனையில் பித்தளைக் கூடும் அதற்குள் சிறு குண்டும் உள்ள குழாய். அந்த முனையை டீசலுக்குள் விட்டு மேலும் கீழுமாகச் சில தடவை ஆட்டினால் ஓட்டம் பிடித்துக்கொள்ளும். இரண்டும் இயந்திர உதிரிப் பொருள் கடைகளில் கிடைக்கும். தண்ணீர் பாய்ச்சும் சாதாரண ரப்பர் குழாயை இதற்குப் போட வேண்டாம். டீசல் அதைக் கரைத்து, பிசுக்கு டேங்கில் இறங்கும். எண்ணெய்க்கென்றே விற்கும் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது வழி: கையால் சுற்றும் பம்பு

மேடு இல்லாதவர்களுக்கும், ஒற்றை ஆளாக வேலை செய்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பேரலின் பெரிய வாய் இரண்டு அங்குல மரை உள்ளது. அதில் நேராகத் திருகி மாட்டும்படி கைப்பம்பு கிடைக்கிறது. பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் டீசல் மேலேறிக் குழாய் வழியாக டேங்கில் விழும். ஒரு சுற்றுக்குக் கால் லிட்டர் தரும் பம்பானால் 40 லிட்டருக்கு 160 சுற்று. நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்தப்போவதில்லை. பேரலும் கேனும் தரையிலேயே இருக்கும். தூக்கும் வேலையே இல்லை.

வாங்கும்போது டீசலுக்கு உரிய பம்பா என்று கேளுங்கள். உறிஞ்சு குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கட்டும். அதன் அடிமுனை பேரலின் அடித்தளத்தைத் தொடாமல் இரண்டு மூன்று அங்குலம் மேலே நிற்க வேண்டும். தண்ணீரும் கசடும் அடியில்தான் தங்கும். அவற்றை எடுத்து எஞ்சினுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

நிறைந்த பேரலை டிரெய்லரிலிருந்து எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். இறக்கவே வேண்டாம் என்பதுதான் பதில். 185 கிலோ எடையைப் பலகை வழியாக உருட்டி இறக்கும்போது கால் நசுங்கியவர்கள் உண்டு. காலிப் பேரல் இருபது கிலோ அளவுதான்; அதை இருவர் சேர்ந்து டிரெய்லரில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். பங்கில் டிரெய்லரில் வைத்தபடியே நிரப்புங்கள். ஊருக்கு வந்ததும், கொட்டகையில் நிரந்தரமாக நிற்கும் இன்னொரு பேரலுக்குப் பம்பு வைத்தோ, குழாய் வைத்தோ மாற்றிவிடுங்கள். பேரல் நகர வேண்டியதில்லை. டீசல் மட்டும் நகர்ந்தால் போதும்.

ஐந்தாவது வழி: பாட்டரியில் ஓடும் பம்பு

டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியில் ஓடக்கூடிய டீசல் பம்புகள் இப்போது கிடைக்கின்றன. நிமிடத்துக்கு 40 லிட்டர் இறைக்கும் பம்பு பரவலாக விற்கிறது. ஒரு டேங்கை நிரப்ப இரண்டு நிமிடம் ஆகாது. நாலைந்து பேர் சேர்ந்த உழவர் குழுவாக இருந்தால் ஒரு பம்பை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அவரவர் தனித்தனியே வாங்க வேண்டிய அவசியமில்லை.

இதைப் பயன்படுத்தும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டீசல் பம்பைப் பெட்ரோலுக்குப் போடவே கூடாது, தீப்பிடிக்கும். பம்பின் ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டுத்தான் பாட்டரியில் கிளிப்பை மாட்டவும் கழற்றவும் வேண்டும். பாட்டரியின் மேல் பொறி பறக்கக் கூடாது. எண்ணெய் இல்லாமல் வெறுமனே ஓடவிடக் கூடாது. இடைவிடாமல் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று பம்பில் எழுதியிருக்கும். அதை மீறக் கூடாது. வீட்டில் தண்ணீர் ஏற்றும் கரண்ட் மோட்டாரை இந்த வேலைக்கு வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொரு தகவல். வாகனத்தில் டீசல் கொண்டுவந்து இருக்கும் இடத்திலேயே நிரப்பிக்கொடுக்கும் ஏற்பாட்டை இந்தியன் ஆயில் நிறுவனம் 2018ஆம் ஆண்டு புனே நகரில் தொடங்கியது. உங்கள் பகுதியில் அந்த வசதி உண்டா என்று குழுவாகச் சேர்ந்து பங்கில் விசாரித்துப் பாருங்கள்.

டீசலைச் சேமித்து வைக்கும் முறை

சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு டீசல் வைத்துக்கொள்ளலாம் என்ற ஐயம் பலருக்கு உண்டு. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. நமக்கு ஒரு பேரலே தாராளம். ஒரு பருவத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்கி அடைத்து வைக்க வேண்டாம். பெட்ரோலுக்கு இந்த அளவு பொருந்தாது. அதன் விதிகள் மிகவும் கடுமையானவை.

பேரலை நிழலில் வையுங்கள். வீட்டுக்குள்ளோ, படப்புக்குப் பக்கத்திலோ, மாட்டுக் கொட்டகையிலோ வைக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய பாத்திரங்களில் டீசலை வைக்கக் கூடாது. பூச்சு டீசலோடு சேர்ந்து எஞ்சினுக்குக் கேடு செய்யும். பேரலைப் படுக்கை வசமாகத் தாங்கியில் வைத்துக் குழாய் மாட்டுவதானால், குழாய் உள்ள பக்கம் சற்று உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருக்கட்டும். தண்ணீரும் கசடும் பின்பக்கம் ஒதுங்கிவிடும். புதிதாக நிரப்பிய பேரலை ஒரு நாள் அசைக்காமல் வைத்திருந்து, அதன் பிறகு எடுப்பது நலம். எப்படி ஊற்றினாலும் மெல்லிய கம்பி வலை வைத்த புனலை விட்டுவிடாதீர்கள். ஒரு சிட்டிகை மண் போதும், ஊசித் துளைகளைக் கெடுக்க.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை

எஞ்சினை நிறுத்துங்கள். ஓடிவந்த சூடு ஆறட்டும். பல டிராக்டர்களில் டேங்க் மூடிக்கும் சைலன்சருக்கும் தூரம் அதிகமில்லை. சிந்திய டீசல் சூடான குழாயில் விழுந்தால் பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட், அரிக்கேன் விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். இரவானால் டார்ச் விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் பிளாஸ்டிக் கேனை நிரப்பும்போது தரையில் வைத்து, குழாயின் உலோக முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். டேங்கை விளிம்புவரை நிரப்பாமல் ஓர் அங்குலம் இடம் விடுங்கள். வெயிலில் டீசல் விரியும்.

பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்க வேண்டும். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தண்ணீர்மேல் மிதந்து தீ பரவும். மணலைப் போட்டு மூடுங்கள். அல்லது உலர்பொடி அணைப்பானை உபயோகியுங்கள். கண்ணில் டீசல் பட்டால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவி, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். டீசலில் நனைந்த உடையோடு நாள் முழுவதும் இருக்க வேண்டாம், தோல் வெந்துபோகும்.

பெருமக்களே, முடிக்குமுன் ஒரு தாயார் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். ஆறு ஏக்கர் மானாவாரியை அந்த அம்மாளே பார்த்துக்கொள்கிறார். டிராக்டர் ஓட்டவும் பழகிவிட்டார். சென்ற ஆண்டு அவர் காட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம், “வண்டிய நான் ஓட்டிருவேன் தம்பி. டீசல் ஊத்தத்தான் ஒரு ஆம்பளைய எதிர்பார்த்துக்கிட்டு நிக்கணும்” என்றார். கைப்பம்பு ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன். இந்த ஆண்டு விதைப்புக்கு அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பதம் வந்த அன்றே விதைத்துவிட்டார்.

இன்று நம் கிராமங்களில் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். காட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் பெண்களும்தான். ஐம்பது குதிரை சக்தி உள்ள இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு ஆகாரம் ஊட்ட மனிதன் முதுகை ஒடித்துக்கொள்வது சரியல்ல. ஊருக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். தரையிலிருந்து உங்கள் டிராக்டரின் டேங்க் மூடி எத்தனை அடி உயரம் என்று அளந்து பாருங்கள். அந்த உயரத்துக்கு டீசலை இனி யார் ஏற்றப்போகிறார்கள், மேடா, பம்பா, உங்கள் முதுகா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். மழைக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். மழை வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

என் தகப்பனார் வீட்டில் இப்போது கைப்பம்பு இருக்கிறது. பதினேழு வருடத்துக்கு முன்பே அதை வாங்கியிருக்கலாம் என்று நாங்கள் நினைக்காத நாளில்லை. உங்கள் வீட்டில் யாரும் அப்படி நினைக்கும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.